ஹாஜியாரின் அர்பன் மருமகன்

அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் ஒரு பீங்கான் தட்டோடு வந்தது.

இங்கிலாந்து ராணி கொழும்புக்கு வந்துபோன வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். உக்குவளையில் என் மாமனார் பதுர்தீன் ஹாஜியாரின் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, நடுவில் சஹனை வைத்திருந்தார்கள். சஹன் என்றால் பெரிய தட்டம். சோறும் கறியும் அதில் ஒன்றாக இருக்கும். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்தில் கைபோட்டுச் சாப்பிடுவோம். மாமனாரின் வலது பக்கம் என் இடம். மூத்த மகள் நூருன்னிஸாவைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது என் இடம்தான். அன்றைக்கு அங்கே றஹீம் உட்கார்ந்திருந்தான்.

றஹீம் இளைய மகள் மஸீனாவின் மாப்பிள்ளை. கல்யாணம் முடிந்து இரண்டு மாதம்தான். கொழும்பில் எங்கள் மிளகையும் கொக்கோவையும் வாங்குகிற முதலாளியின் கடையில் கிளார்க். மாமனார் சரக்கு விஷயமாகப் போய்வந்ததில் அவனைக் கண்டு, அவனுடைய இங்கிலீஷில் மயங்கி, பெண்ணைக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் ரயிலேறி வருவான். ஞாயிறு பின்னேரம் திரும்பிப் போவான்.

புது மாப்பிள்ளை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். அவனோ சோற்றில் கை வைக்காமலிருந்தான்.

“மாமா, குறை நினைக்க வேணாம். எனக்கு ஒரு பீங்கான் தந்தாப் போதும்.”

“ஏன் மருமகன்? என்ன குறை?”

“குறையொண்ணுமில்ல மாமா. அர்பன்ல இப்ப இப்படி ஒண்ணாக் கைபோட்டுத் திங்கிறது இல்ல. எல்லாம் தனித்தனிதான். அர்பன் லைஃப் அப்படி.”

இதே மாமனார் ஒருமுறை, அடுத்தவன் பக்கத்துக் கறியில் கைநீட்டிய சொந்தத் தம்பியைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிவிட்டவர். இவனுக்கும் இன்றைக்கு இருக்கிறது என்று நான் சோற்றைப் பிசைந்துகொண்டே காத்திருந்தேன். மாமனார் சிரித்தார்.

“மஸீனா, மருமகனுக்கு ஒரு நல்ல பீங்கான் கொண்டா. பூப்போட்டதில ஒண்ணு.”

பூப்போட்ட பீங்கான் வந்தது. என் கல்யாணத்துக்குக்கூட அலுமாரியை விட்டு இறங்காத பீங்கான்.

அதற்கு மேல் அந்த வீட்டில் அர்பன்தான் பேச்சு. அடுத்த மாதம் ஒரு மேசையும் நாலு கதிரையும் வந்தன. றஹீமுக்கு ஒரு முள்ளுக்கரண்டி வந்தது. காலையில் முகச்சவரம் செய்யாமல் வெளியே இறங்குவது அர்பன் இல்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுவது அர்பன் இல்லை. பொண்டாட்டியைப் படம் பார்க்க மாத்தளைக்குக் கூட்டிக்கொண்டு போவது அர்பன். மாமனார் அவன் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். அவனை ‘மருமகன், நீங்க’ என்றார். என்னை எப்போதும் போல ‘புஹாரி, நீ’ என்றார். பதினைந்து வருஷமாக மூட்டை தூக்கியவன் நான். களுதாவளை, வரக்காமுறை, வஹகோட்டை என்று ஊரூராகப் போய், மிளகை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, ஈரமா காய்ச்சலா என்று பார்த்து வாங்கியவன். அவன் என்ன செய்தான்? கொழும்பில் உட்கார்ந்து பில் எழுதினான்.

இதெல்லாம் போகட்டும் என்று விட்டிருப்பேன். விட முடியாமல் போனது கடையால்.

மாமனார் மாத்தளை டவுனில், திருகோணமலை வீதியில், ஒரு கடையை வாடகைக்கு எடுத்திருந்தார். பலசரக்கு மொத்தக் கடை. அலுமாரிகள் அடித்தாயிற்று. காசு வாங்கும் பட்டறை மேசையைத் தேக்கில் செய்து, மெழுகு பூசி, ஒரு சுழல் கதிரையும் போட்டாயிற்று. உக்குவளைக் கடை சரக்குச் சேர்க்கிற இடம், சாக்கும் தூசியும்தான். டவுன் கடையில் இருப்பவன் முதலாளி. அந்தப் பட்டறையில் யார் உட்காருவது என்பதை மாமனார் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நான் நினைத்திருந்தேன். மூத்த மருமகன் நான்தானே.

ஒருநாள் அவராகவே வாய் திறந்தார். “டவுன் கடைக்குக் கொஞ்சம் அர்பனான ஆள் ஒண்ணுதான் சரி. கச்சேரித் துரைமாரும் வருவாங்க.” மாத்தளை அரசாங்கக் காரியாலயத்தைத்தான் கச்சேரி என்போம்.

அன்றிரவு நூருன்னிஸாவிடம் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்றுதான்.

“வாப்பா சொல்றதுலயும் ஞாயம் ஈக்குத்தானே,” என்றாள். “நீங்க துரைமாரோட என்னத்தப் பேசுவீங்க?”

“அவன் மட்டும் என்னத்தப் பேசுவான்?”

“அவர் பேசுவார். அவர் அர்பன்.”

“நீயும் தொடங்கிட்டியா? அர்பன் எண்டா என்ன எண்டு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது. ஆனா பாத்தா வெளங்குது,” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

தெரியாத ஒன்றோடு சண்டை பிடிப்பது எனக்குப் பிடிக்காது. மிளகு மூட்டை ரயிலில் ஏற்றப் போனபோது, ஸ்டேஷன் சரக்குக் கந்தோரில் கிளார்க்காக இருந்த ஸ்ரீஸ்கந்தராஜா ஐயாவிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்து மனிதர். இங்கிலீஷ் பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசிப்பவர்.

“ஐயா, அர்பன் எண்டா என்ன?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “என்ன புஹாரி, திடீரெண்டு இங்கிலீசு? அர்பன் எண்டால் நகரத்தோடை சம்பந்தப்பட்டது. நகரத்து வாழ்க்கை, நகரத்துச் சனம், நகரத்துப் பழக்கவழக்கம், எல்லாத்துக்கும் சொல்லலாம். மாத்தளையிலை அர்பன் கவுன்சில் இருக்கல்லோ, அது இந்தச் சொல்லுத்தான்.”

“ஒரு ஆளுக்குச் சொல்லலாமா?”

“சொல்லலாம். ஆனால் கூடுதலா வாறது இடத்துக்குத்தான்.”

“நான் வாரத்துல மூணு தரம் மாத்தளை டவுனுக்குப் போறேன். நான் அர்பனா?”

“போய் வந்தால் மட்டும் காணாது. அங்கை இருக்க வேணும்.”

“அப்ப டவுன் பஸ் ஸ்டாண்டுல படுத்துக் கெடக்கிற நாய்?”

ஸ்ரீஸ்கந்தராஜா ஐயா யோசித்தார். அவர் எதையும் யோசிக்காமல் சொல்லமாட்டார். “அது அர்பன் நாய்தான்,” என்றார்.

“எனக்கு என்ன சொல்லுவாங்க?”

“உங்களுக்கு ரூரல் எண்டு சொல்லலாம்.”

அந்தச் சொல்லின் சத்தமே எனக்குப் பிடிக்கவில்லை. வாய்க்குள் ஏதோ உருளுகிற மாதிரி. அவர் பொய் சொல்லியிருக்கமாட்டார். ஆனாலும் றஹீம் வாராவாரம் அவருக்குக் கொழும்புப் பேப்பர் கொண்டுவந்து கொடுக்கிறான் என்பதை நான் மறக்கவில்லை. பேப்பர் வாங்குகிறவன் சொல்கிற அர்த்தத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

என்றாலும் சொல்லைத் தெரிந்துகொண்டேன் அல்லவா. மாமனாரிடம் பிரயோகித்துப் பார்த்தேன். டவுன் கடைக்கு என்ன பெயர்ப்பலகை போடலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

“அர்பனா ஒரு போட் அடிப்பம் மாமா. பச்சையில வெள்ளை எழுத்து.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. குழந்தை உம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் பார்ப்போமே, அப்படி.

“உன்ட வாயில அது ஒட்டல்ல புஹாரி. சனிக்கிழம மருமகன் வரட்டும், கேப்பம்.”

அதோடு எனக்கு ஒன்று நிச்சயமாயிற்று. சொல்லோடு மோதிப் பயனில்லை. சொல்லிக்கொண்டு திரிகிறவனைத்தான் பார்க்கவேண்டும். இவ்வளவு அர்பனானவன், தன் வீட்டைப் பற்றி ஏன் பேசுவதில்லை? அவனுடைய வாப்பா மௌத்தாகி ரொம்ப நாள். உம்மா இருக்கிறார். கல்யாணத்துக்கு வரவில்லை. சுகமில்லை என்றான். அவனோடு வந்தவர்கள் கடை முதலாளியும் கடை ஆட்களும்தான்.

இதை நூருன்னிஸாவிடம் கேட்டபோது அவளும் யோசித்தாள். “ஓம், அது ஒரு கொறைதான். நம்ம ஆக்கள் போய்க் கூப்பிடாம அவங்களும் வர ஏலாதே.”

எங்கள் பக்கத்து முறை அது. மாப்பிள்ளையின் உம்மா தானாகப் பெண் வீட்டு வாசல் மிதிக்கமாட்டார். பெண் வீட்டு ஆண் ஒருவர், வாழைக்குலையும் தொதல் இனிப்புப் பெட்டியும் எடுத்துக்கொண்டு போய் அழைக்கவேண்டும். கையோடு கூட்டிக்கொண்டும் வரவேண்டும். மாமனார் இரண்டு தரம் புறப்பட்டார். இரண்டு தரமும் றஹீம் தடுத்துவிட்டான். ‘உம்மாக்கு இன்னும் சுகமில்ல மாமா, அடுத்த மாசம் பாப்பம்’ என்றான். சுகமில்லாத ஆளைப் பார்க்கப் போகாதே என்று சொல்கிற மகனை நான் அதுவரை கண்டதில்லை.

நான் போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கொழும்பு முதலாளியிடம் மிளகு விலை பேசப் போகிறேன் என்றேன். சனிக்கிழமையாகப் பார்த்துக் கிளம்பினேன். கொழும்பில் அவன் வீடு இருக்கிற மருதானைக்கு நான் போய்ச் சேரும் நேரம் றஹீம் கடையிலிருந்து நேரே ரயிலேறி உக்குவளைக்கு வந்துகொண்டிருப்பான். அவன் இல்லாத நேரத்தில் அவன் வீட்டைப் பார்த்துவிட வேண்டும். ஞாயிறு பகல், எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்போது, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லவேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

ஒரு வீட்டுக்குக் கைவீசிக்கொண்டு போவது நாங்கள் பழகாத பழக்கம். பின்வளவில் பழுக்கப் போட்டிருந்த கோழிக்கூட்டு இன வாழைக்குலை ஒன்றை எடுத்துக்கொண்டேன். நூருன்னிஸா, முதலாளிக்கு என்று நினைத்துக்கொண்டு, ஓலைப்பெட்டியில் தொதல் வைத்து, எறும்பு வராமல் வெள்ளைத் துணியால் மூடிக் கட்டித் தந்தாள். நானும் வாங்கிக்கொண்டு நடந்தேன். என் கையில் இருப்பது என்ன என்று அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. புத்தி முழுக்க றஹீம்தான் இருந்தான்.

மருதானையில் அந்த இடத்துக்குத் தோட்டம் என்று பெயர். நான் தோட்டம் பார்த்தவன். கொக்கோவும் மிளகும் கமுகும் வெயில் விழாமல் நிற்கிற தோட்டங்கள். இங்கே ஒரு புல் இல்லை. இரண்டு வரிசைப் பலகை வீடுகள், நடுவில் திறந்த சாக்கடைக் கான், முனையில் ஒரே ஒரு தண்ணீர்ப் பைப். பைப்புக்கு முன்னால் வாளிகள் வரிசையில் நின்றன. கக்கூஸுக்கு முன்னால் மனிதர்கள் நின்றார்கள். நான் அந்தக் கானைத் தாண்டி நடந்தபோது என் நெஞ்சில் ஓடிய சந்தோஷத்தை எழுதினால் நீங்கள் என்னை நல்ல மனிதன் என்று நினைக்கமாட்டீர்கள். நினைக்கவேண்டாம்.

றஹீமின் வீட்டு வாசலில் இடியப்பத் தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. மெலிந்த ஒரு பெண் குந்தியிருந்து மா அரித்துக்கொண்டிருந்தார். கைகளிரண்டும் முழங்கை வரை வெள்ளை. நோயாளியின் கையல்ல அது.

“றஹீம்ட வீடு இதா?”

“ஓம். மகன் ஊருக்குப் போயிட்டாரே. நீங்க யாரு?”

“உக்குவளையில இருந்து வாறேன். பதுர்தீன் ஹாஜியார்ட மூத்த மருமகன்.”

அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாழைக்குலையைப் பார்த்தார். வெள்ளைத் துணி கட்டிய பெட்டியைப் பார்த்தார். பிறகு அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், “வந்துட்டாங்க,” என்றார்.

அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அதற்கடுத்த வீட்டுக்காரியும் எட்டிப் பார்த்தாள். “நான் சொல்லல்லியா ஹமீமா, பெரிய எடத்து ஆக்கள் மொறைய விடமாட்டாங்க எண்டு,” என்றது ஒரு குரல்.

என்ன முறை, எதை விடவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. வரவேற்பு பலமாக இருக்கிறதே என்று மட்டும் நினைத்தேன். ஹமீமா மாமி ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். வீட்டுக்குள் இருந்த ஒரே கதிரை. நான் சுற்றிப் பார்த்தேன். ஓர் அறை. ஒரு கட்டில். ஆணியில் றஹீமின் வெள்ளைச் சேர்ட், இஸ்திரி போட்டபடி. இவ்வளவுதான் அர்பன்.

சாப்பாடு வந்தது. சஹனில் வந்தது. எனக்கு மரியாதை என்று அக்கம்பக்கத்து ஆண்களையெல்லாம் கூப்பிட்டு, ஆறு பேராக உட்காரவைத்தார். கோழிக் கறி. எங்கே கடன் வாங்கிச் சமைத்தாரோ தெரியாது, நல்ல கறி.

“மாமி, றஹீமும் இதுலதான் சாப்பிடுறதா?” என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரிக் கேட்டேன்.

“வேற எதுல? வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து இந்த சஹன்தான். இவங்க எல்லாரோடயும்தான்.”

“தட்டத்துல பாதிய அவனே திண்டுடுவான்,” என்றான் பக்கத்திலிருந்தவன். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட நான்தான் கூடச் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை இதை எந்த இடத்தில் நிறுத்தி, எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“ஹாஜியார் எப்ப வரச்சொன்னாரு?” என்று கதவுக்குப் பின்னாலிருந்து மாமி கேட்டார்.

என் வாய் நிறையச் சோறு. ஒருவர் வீட்டில் உண்டுகொண்டிருக்கும்போது அப்படிக் கேட்டால் என்ன சொல்வோமோ அதைச் சொன்னேன். “எப்ப வந்தா என்ன மாமி, உங்கட வீடுதானே அது.”

“அப்ப நாளைக்குக் காலம்பர உங்களோடயே வாறேன். கூப்பிட வந்தவரோட போறதுதானே மொறை.”

அப்போதுதான் எனக்குப் பெட்டி விளங்கியது. துணி விளங்கியது. குலை விளங்கியது. நான் மருதானைக்கு வந்து றஹீமின் உம்மாவை முறைப்படி அழைத்திருக்கிறேன். ஐந்து ஆண்கள் அதற்குச் சாட்சி. கதவுக்கு வெளியே பெண்கள் எத்தனை பேரோ. இல்லை, நான் சும்மா பார்க்க வந்தேன் என்று அந்தச் சஹனில் கையை வைத்துக்கொண்டு சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை.

இரவு முதலாளியின் கடை மாடியில் படுத்து யோசித்தேன். யோசிக்க யோசிக்க மனம் தெளிந்தது. நல்லதுதானே. நான் வாயால் சொன்னால் பொறாமை என்பார்கள். உம்மாவே நேரில் வந்து நின்றால் யார் என்ன சொல்ல முடியும்? மாக்கையோடு, மருதானைத் தோட்டத்தின் பேச்சோடு, அவர் கூடத்துக்குள் வந்து நிற்கட்டும். மேசையில் முள்ளுக்கரண்டியோடு இருக்கிற மகனைப் பார்க்கட்டும். அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

காலை ரயிலில் மாமி ஜன்னலோரம் இருந்தார். கடுகண்ணாவை மலையில் ரயில் ஏறியபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். மூட்டையை மடியை விட்டு இறக்கவில்லை. உள்ளே சம்பந்தி வீட்டுக்கு என்று பொரிவிளங்காய் உருண்டை பிடித்துக் கொண்டுவருவதாகச் சொன்னார்.

“மாமி, அர்பன் எண்டா என்ன தெரியுமா?”

“யாரு?”

“அர்பன். றஹீம் அடிக்கடி சொல்றது.”

அவர் யோசித்தார். “எங்கட தோட்டத்துல அப்படி ஒருத்தரும் இல்லியே,” என்றார்.

நான் வெளியே பார்த்துக்கொண்டு சிரித்தேன்.

உக்குவளை ஸ்டேஷனில் இறங்கி, அவருடைய மூட்டையை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரவேண்டும் என்ற அவசரம். போய்ச் சேர்ந்தோம். மேசையில் மாமனாரும் றஹீமும் இருந்தார்கள். மஸீனா பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் ஒதுங்கி நின்று, மாமியை முன்னே விட்டேன்.

றஹீம் தலை நிமிர்ந்தான். முள்ளுக்கரண்டி பீங்கானில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் முகத்தில் இரத்தம் இல்லை. இதைப் பார்க்கத்தான் நான் மூட்டை சுமந்தேன்.

“உம்மா,” என்றான்.

“மூத்த மருமகனே பெட்டியோட வந்து கூப்பிட்டாரு மகன்,” என்றார் மாமி. “தோட்டமே பாத்திச்சு. எனக்கு வேறென்ன வேணும்?” பிறகு மாமனாரின் பக்கம் முகத்தைத் திருப்பாமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஹாஜியார், எங்கட வீடு சின்னன். மகனுக்கு அத உங்களுக்குக் காட்ட வெக்கம். அதுதான் எனக்குச் சுகமில்ல எண்டு சொன்னது. நான் நல்ல சுகமா ஈக்கிறேன். இடியப்பம் அவிச்சுத்தான் அவர இங்கிலீஷ் படிக்க வச்சேன்.”

வந்தது அந்த நேரம். மாமனார் இப்போது எழுந்து, ‘என்ன மருமகன், இதுதானா உங்கள் அர்பன்’ என்று கேட்பார் என்று நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமனார் எழுந்தார். றஹீமிடம் போகவில்லை. நேரே என்னிடம் வந்தார். என் கையிலிருந்த மூட்டையைத் தானே வாங்கினார்.

“நான் செய்ய வேண்டியத நீ செஞ்சிட்ட புஹாரி,” என்றார். “கலியாணம் முடிஞ்ச நாள்ல இருந்து எனக்கு இது ஒரு முள்ளு. ஊரே பேசிச்சு. சொல்லாமக் கொள்ளாமப் போய், மொறையோட கூட்டிட்டு வந்திருக்கிறியே.”

“நான் கூப்பிடப் போகல்ல மாமா,” என்றேன். நான் எதையும் மறைக்கிற ஆளில்லை. “அவன்ட வீடு எப்படிப்பட்டது எண்டு பாக்கத்தான் போனேன்.”

“பாத்துட்டு, சும்மா வர மனசு வரல்லதானே,” என்றார் மாமனார்.

“அதில்ல. அந்தப் பெட்டி...”

“இவரு எப்பவும் இப்படித்தான் வாப்பா,” என்றாள் நூருன்னிஸா. அவள் கண் கலங்கியிருந்தது. “என்னட்டயும் சொல்லல்ல. முதலாளிக்கு எண்டு பொய் சொல்லித்தான் தொதல் கட்டச் சொன்னாரு.” கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. மஸீனா என்னைச் சொந்த அண்ணன் போல ‘நானா’ என்று கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். றஹீம் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். “நானா, எனக்குத் தைரியம் வரல்ல. நீங்க என்னக் காப்பாத்திட்டீங்க.” தள்ளிவிடவேண்டும் போலிருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மாமனார் என்னைத் தனியே கூப்பிட்டார். நடந்தது எப்படி நடந்திருந்தாலும், இப்போது அவர் மனதில் நான்தான் இருக்கிறேன். பட்டறை எனக்குத்தான் என்று நினைத்தேன்.

“டவுன் கடை விசயம்,” என்றார். “இவ்வளவு நாளும் எனக்கு ரெண்டு மனசு. உன்னப் போடவா, அவரப் போடவா எண்டு. இன்னைக்கு அல்லாஹ் காட்டிட்டான்.”

“ஓம் மாமா.”

“டவுன் எண்டா என்ன? பொய் சொல்றவன், கடன் சொல்றவன், அழுது காட்டுறவன், எல்லாம் வருவான். நீ எளகின மனசுக்காரன். ஒரு ஏழைப் பொம்பிளையப் பாத்துட்டு மூட்டை தூக்கிட்டு வாற ஆள். ஆறு மாசத்துல கடையத் தூக்கிக் குடுத்துடுவ.”

“மாமா, எனக்கு எளகின மனசு இல்ல.”

“இருக்கிறவன் அப்படித்தான் சொல்லுவான்.”

“மாமா, சத்தியமா இல்ல. எனக்கு அவன்ல பொறாமை. அவன்ட அர்பன்ன ஒடைக்கத்தான் போனேன்.”

மாமனார் என் தோளில் கை வைத்துச் சிரித்தார். “அவர விட்டுக் குடுக்காம உன்னயே கொறச்சுப் பேசுற பாரு. போதும். டவுன் கடை றஹீமுக்கு. சின்ன வயசுல இருந்து நெருக்கடியில வளந்தவர். எவனும் ஏமாத்த ஏலாது. உம்மாவையும் மாத்தளைக்கே கூட்டி வரட்டும். நீ இங்க என்னோட இரு. எனக்கு நீ வேணும்.”

உண்மையைச் சொன்னேன். நாலு பேர் முன்னாலும் சொன்னேன், தனியேயும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. நான் யாரையும் சுலபமாக நம்பாதவன். என்னையும் ஒருவரும் நம்பாமல் போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு அதனால் எனக்குப் பட்டறை போயிற்று.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமை டவுன் கடை திறந்தார்கள். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. ஹமீமா மாமி உள்ளே இருந்து எல்லோருக்கும் தேத்தண்ணி அனுப்பினார். ஸ்ரீஸ்கந்தராஜா ஐயாவும் வந்திருந்தார். கச்சேரியிலிருந்து இரண்டு துரைமார் வந்து றஹீமோடு இங்கிலீஷில் பேசினார்கள். நான் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

மௌலவி துஆ ஓதி முடித்ததும் மாமனார் என்னைக் கையைப் பிடித்து இழுத்தார். “முதல் வியாபாரம் நல்ல மனசுக்காரன் கையால நடக்கட்டும். வா புஹாரி, வந்து இரு.”

றஹீம் சுழல் கதிரையைத் துணியால் துடைத்து, எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் உட்கார்ந்தேன். தேக்குப் பட்டறை மார்புக்கு நேரே இருந்தது. அங்கிருந்து பார்த்தால் திருகோணமலை வீதி இரண்டு பக்கமும் தெரிந்தது. பஸ் வருவது, மாட்டு வண்டி ஒதுங்குவது, எதிர்க்கடை முதலாளி இந்தப் பக்கம் பார்த்துக் கையை உயர்த்துவது எல்லாம் தெரிந்தது. நானும் கையை உயர்த்தினேன்.

அலுவிகாரைப் பக்கத்து ஆள் ஒருவர் வந்து ஒரு சாக்குச் சீனி எடுத்தார். காசை என் கையில் தந்தார். லாச்சியைத் திறந்து போட்டேன். லாச்சி புதிது, இழுக்க வழுக்கிக்கொண்டு வந்தது.

“சரி புஹாரி,” என்றார் மாமனார். “இனி எழும்பு. மருமகன் இருக்கட்டும்.”

றஹீம் பக்கத்தில் வந்து நின்றான். கதிரையின் முதுகில் அவன் கை இருந்தது. எல்லோரும் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னும் ஒரு ஆள் வரட்டும் மாமா,” என்றேன்.